தோளால் போட்ட கையெழுத்து

என் வலது கை நடுங்கத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த இலவச ஆலோசனைகளுக்கு அளவில்லை. வெண்டைக்காய் ஊறப்போட்ட தண்ணீரைக் குடி என்றார்கள். ஒன்பது பௌர்ணமி விடாமல் மலை சுற்று, தானாக நின்றுவிடும் என்றார்கள். மலையைச் சுற்றியே வளர்ந்தவள் நான். அதற்கு நடுக்கத்தை நிறுத்தும் சக்தி இருந்தால் எனக்கு நடுக்கம் வந்தே இருக்கக் கூடாது. என் சின்ன நாத்தனார் எதையும் குடிக்கவும் சொல்லவில்லை, சுற்றவும் சொல்லவில்லை. "மனசுல தைரியம் இருந்தா கை நடுங்குமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். அவள் கையில் நான் கொடுத்திருந்த காபியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. வீடு தேடி வந்தவள் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

பார்க்கின்சன் என்று நரம்பு டாக்டர் பெயர் சொன்னார். மூளையில் சுரக்க வேண்டிய ஏதோ ஒன்று கம்மியாகிவிட்டதாம், அதனால் உடம்புக்கு உத்தரவு சரியாகப் போய்ச் சேராதாம். "குணமாக்க முடியாதும்மா, சமாளிக்கலாம்" என்றார். முதல் பாதியைக் கேட்டு என் கணவர் கண் கலங்கினார். எனக்கு இரண்டாம் பாதிதான் காதில் விழுந்தது. முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். மழைக்காலத்தில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒழுகாத ஒரே அறையில் வைத்து மேய்த்தவள். சமாளிப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாத்திரை காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு. விழுங்கி முக்கால் மணி நேரத்தில் உடம்பு என் பேச்சைக் கேட்கத் தொடங்கும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம், அதிகம் போனால் இரண்டரை, நான் பழைய ஆள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டு வரும். பருப்பும் பாலும் கூடவே போனால் மாத்திரை வேலை செய்யாது என்பதை ஒரு மாதம் முழுக்கச் சாம்பார் இட்லி தின்று, கட்டையாக உட்கார்ந்திருந்து, நானே கண்டுபிடித்தேன். டாக்டரிடம் சண்டைக்குப் போனபோது, "சீட்டுலயே எழுதியிருக்கேனேம்மா" என்றார். டாக்டர் கையெழுத்தை யார் படிப்பது? இப்போது காலையில் இட்லிக்குக் காரச் சட்னிதான்.

படுக்கையில் புரண்டு படுக்க முடியாதது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பருத்தி விரிப்பு உடம்பைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கணவரை எழுப்ப வேண்டும். ஒரு நாள் பீரோவைத் திறந்து என் ஆரணிப் பட்டுப் புடவையை எடுத்து மெத்தை மேல் விரித்துவிட்டேன். வழுக்கிக்கொண்டு தானாகத் திரும்பினேன். "பட்டுப் புடவைய போயி படுக்கைல விரிச்சுட்டியே" என்று அவர் பதறினார். "கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போனா நாலு பேர் பாத்துட்டுப் போறாங்க. எனக்கு என்ன பிரயோஜனம்? இப்பத்தான் அது உழைக்குது" என்றேன். இப்போது இரண்டு பட்டுகள் முறை வைத்து உழைக்கின்றன.

ரவிக்கைக் கொக்கிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தையல்காரரிடம் சொல்லி ஒட்டுப் பட்டை வைத்தேன். வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டுவதற்காகக் கால் எழும்பிவிடும். இது என்ன விசித்திரமோ தெரியாது. வீட்டில் எல்லா வாசலிலும் சிவப்பு டேப் ஒட்டியாயிற்று, வருகிறவர்கள் கபடி விளையாடவா என்று கேட்கிறார்கள். குரல் சன்னமாகிக்கொண்டே போனதால் தினமும் காலையில் வாசலில் நின்று பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்துகிறேன். முகத்தின் தசைகளும் இறுகிவிட்டன, சிரித்தாலும் தெரிவதில்லை. நான் எப்போதும் கோபமாக இருக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பாதி நேரம் அவர்கள் சொல்வது சரிதான்.

இத்தனையும் சமாளித்தவள் போன வருஷம் ஒரு பேங்க் மேசையில் தோற்றுவிட்டு வந்தேன்.

மகளுக்கு ஏழாம் மாதம். எங்கள் வீட்டில் வளைகாப்பு, இன்னும் பதினொரு நாள் இருந்தது. நான் வேலைக்குப் போய் வாங்கிய முதல் நகை ஒரு ஜோடி தங்க வளையல். அதை அவள் கையில் நான் போட வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்தே எனக்கு ஒரு ஆசை. வளையல் பேங்க் லாக்கரில் இருந்தது. லாக்கர் என் ஒருத்தி பெயரில். அதைத் திறக்க வேண்டுமென்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அதை அவர்கள் பழைய மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் போன அன்று கூட்டம். என் முறை வரும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. பத்து மணி மாத்திரை தீர்ந்துபோன நேரம்.

பேனாவைப் பிடித்தேன். முதல் எழுத்து கடுகு அளவில் வந்தது. இரண்டாவது எழுத்து ரவை. மிச்சம் மூன்றும் ஒரு கோடாகப் போய் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிந்துவிட்டது. இந்த நோயில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் என்று எனக்குத் தெரியும். மளிகைச் சீட்டு எழுதும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் என் பெயர் அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. வகுப்புக்கு நாற்பத்தைந்து ரேங்க் கார்டில் ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து அது. இனிஷியலோடு சேர்த்து ஐந்து எழுத்து, கடைசி எழுத்துக்கு ஒரு வால், அந்த வாலைத் திருப்பி அடிக்கும்போது பேனா கிரீச்சிடும்.

மேனேஜர் சின்ன வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், பழைய கையெழுத்தோட ஒத்துப்போகலை. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கைநாட்டு வெச்சுடலாம், ரெண்டு சாட்சி போதும். அப்படியே சார் பேரையும் லாக்கர்ல சேர்த்துட்டா இனிமே உங்களுக்கு அலைச்சலே இல்ல."

சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தார். ஊதா மை.

"வெச்சுடேம்மா. ஒரு நிமிஷ வேலை" என்றார் என் கணவர். அதோடு நிற்கவில்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்து, நடுங்கிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து, கட்டை விரலைத் தனியாக எடுத்து மை டப்பாவுக்குக் கொண்டுபோனார்.

நான் கையை வெடுக்கென்று இழுத்தேன். இழுக்கத்தான் நினைத்தேன், கை அதன் இஷ்டத்துக்கு வீசியது. டப்பா கவிழ்ந்து என் புடவையில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கைநாட்டு வைக்க மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு முறை, வாய்ப்பாடு கத்துகிற குரலில் சொன்னேன். அது பேங்க் முழுக்கக் கேட்டது.

என் கணவர் ஆட்டோ பார்க்கப் போனார். கோபித்துக்கொண்டு இல்லை, அவருக்குக் கோபமே வராது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் கோபம். "நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் பேங்க் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஊதாக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கத் தேய்க்க அது பரவிக்கொண்டே போனது.

"இன்னா டீச்சர், சேலையெல்லாம் மையி?"

நிமிர்ந்து பார்த்தேன். நரைத்த தலை, கையில் மகளிர் குழுப் பதிவேடுகள், பின்னால் இரண்டு பெண்கள். யார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலங்களில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதில் படித்தவர். இப்போது குழுவுக்குத் தலைவி.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பறித்துவிட்டு நேராக வருவார்கள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், சிலர் என் அம்மா வயது. பால் சொசைட்டியில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் கைநாட்டு. தங்கள் பெயரையாவது எழுத வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. சிலேட்டும் பலப்பமும் கொடுத்தேன், நடக்கவில்லை. களையெடுத்துக் காய்த்துப்போன விரல்கள் பலப்பத்துக்கு மடங்க மறுத்தன. ஒரு நாள் ஆத்திரத்தில் எல்லோரையும் நெல் அடிக்கும் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு துண்டு அடுப்புக்கரி கொடுத்தேன். "வெரலை மறந்துடுங்க. தோளால எழுதுங்க. மொதல்ல கட்டில் அளவு, அப்புறம் முறம் அளவு, அப்புறம் தட்டு அளவு" என்றேன். களம் முழுக்க எழுத்தாக ஆனது. மூன்று மாதத்தில் அவர்கள் பதிவேட்டின் கட்டத்துக்குள் பெயர் எழுதினார்கள். அந்த வெறியில் பால் சொசைட்டி மை டப்பாவை ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் வீசச் சொன்னேன். வீசினார்கள். சொசைட்டிக்காரர் தலைமை ஆசிரியரிடம் புகார் செய்தார், புது டப்பா நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே குழுத் தலைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இரக்கப்படவில்லை. சிரித்தார்.

"எங்களை ஏரிக்கு இட்டுக்கினு போயி டப்பாவ வீசச் சொன்னவங்க நீங்க. இப்ப அந்த டப்பா உங்க சேலையிலயே வந்து உக்காந்துக்கிச்சு" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "ஊருக்குத்தான் உபதேசமா டீச்சர்? வெரலால எழுதாத, தோளால எழுதுன்னு எங்க உசிர வாங்கனீங்களே. நீங்க இப்ப வெரலாலதானே எழுதிக்கினு இருக்கீங்க?"

கறையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் விரல்களைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும், கோலமாவு டப்பாவோடு வாசலுக்குப் போனேன். புள்ளிக் கோலம் போடுவதை நான் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புள்ளிகள் கேட்கிற நுணுக்கத்துக்கு என் விரல்கள் இனி வராது. அன்று நான் புள்ளி வைக்கவில்லை. என் கையெழுத்தைக் கட்டில் அளவில் போட்டேன். "மேலே, வளைச்சு, கீழே, இழு" என்று வாய்ப்பாட்டுக் குரலில் கத்திக்கொண்டே, தோளையும் இடுப்பையும் சேர்த்து அசைத்து, எழுத்துக்குப் பக்கத்திலேயே நடந்து நடந்து போட்டேன். சும்மா மடியில் கிடக்கும்போது ஆடுகிற கை, அவ்வளவு பெரிதாக வீசும்போது ஆடவில்லை. கடைசி எழுத்தின் வாலை மட்டும் சாக்கடை ஓரம் வரை கொண்டுபோய்த் திருப்பி அடித்தேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தெருவுல போறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். "படிக்கத் தெரிஞ்சவங்க படிப்பாங்க" என்றேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கும் கடைக்கு எதிரில் இருக்கிறது. மூன்றாம் நாளே ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏணி கேட்டு வாங்கி, மேலேயிருந்து என் கையெழுத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார். ஏதோ கோலம் என்று நினைத்திருப்பார்.

எட்டாம் நாள் பௌர்ணமி. முதல் நாள் சாயங்காலம் நடக்கத் தொடங்கிய ஜனம் விடிந்த பிறகும் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலப் போட்டு முடித்துவிட்டு உள்ளே மாவு டப்பாவை வைத்துவிட்டு வந்து பார்த்தால், என் பெயரின் கடைசி எழுத்தின் மேல் கற்பூரம் எரிகிறது. ஒரு குடும்பமே செருப்பில்லாத காலோடு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, ஒரு கைக்குழந்தை. எழுத்தை மிதித்துவிடாமல் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"இது இன்னா சாமி எந்திரம்மா? நாங்க விழுப்புரம் பக்கம். இந்த மாதிரி எங்கியும் பாத்ததில்ல" என்றார் அந்த மனிதர்.

"எந்திரம் இல்லீங்க. இது என் பேரு" என்றேன்.

அவர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐந்து எழுத்தையும் தாண்டி வால் வரைக்கும் போய்ப் பார்த்தார். ஏமாற்றப்பட்டதாக நினைத்துக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்ல பேரும்மா" என்று சொல்லி இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார். இந்த ஊரில் கல்லைப் பார்த்தாலும் கும்பிடுவார்கள், வளைந்த கோட்டைப் பார்த்தாலும் கும்பிடுவார்கள் என்று நான் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன். அன்று கேலி செய்யத் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக என் பெயருக்குக் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள்.

கட்டில் அளவு வந்துவிட்டது, முறம் அளவும் வந்துவிட்டது. தட்டு அளவுக்கு வந்தபோதுதான் வம்பு. சின்னதாக எழுத எழுத நடுக்கம் உள்ளே புகுந்தது. அன்று பகலில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்தேன். வால் வரும்போதெல்லாம் கோடு ரம்பப் பல்லாக ஆனது. பழைய கையெழுத்து ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வர வேண்டும் என்று மல்லுக்கட்டினேன். கடைசியில் பேனாவை மேசையில் அடித்து, என் கையைப் பார்த்து நானே கத்தினேன்: "நடுக்கம் கையில இல்ல, மனசுல இருக்கு."

கத்திய பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. நாத்தனார் சொன்னது அல்ல. அவளுக்கும் வெகு காலம் முன்பே நான் சொன்னது.

அந்தக் களத்தில் ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கரியைக் கையில் எடுத்தாலே கை ஆடும். மற்றவர்கள் எல்லோரும் தட்டு அளவுக்கு வந்த பிறகும் அவர் முறத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கோடு கோணிக்கொண்டு போகும். "கை நடுங்குது டீச்சர்" என்பார். சோம்பல் என்று நினைத்தேன், பயம் என்று நினைத்தேன். "நடுக்கம் கையில இல்ல, மனசுல இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு நாள், "நீங்க சாகற வரைக்கும் கைநாட்டுதான்" என்றும் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

குழுத் தலைவிக்குப் போன் போட்டு அவரைப் பற்றிக் கேட்டேன். "அவங்க பூட்டாங்க டீச்சர், ரொம்ப வருஷம் ஆச்சு. கடைசில நடக்கக்கூட முடியாம, சோறு ஊட்டித்தான் வுட்டாங்க. இன்னா நோயின்னு யாருக்கும் தெரியல, காத்துக் கருப்புன்னு சொல்லி மந்திரிச்சாங்க" என்றார். பிறகு, "ரேஷன் கடைல கடைசி வரைக்கும் கட்டை வெரலுதான்" என்றார்.

அவருக்கும் இதே நோய்தானா என்று எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. ஆனால் போனை வைத்த பிறகு வெகு நேரம் எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் எரிகிற வெட்கம். எனக்குப் புத்தி சொன்னவர்கள் மேலெல்லாம் பாய்ந்துகொண்டிருந்தவள், அவர்கள் எல்லோருக்கும் மூத்தவளாக நானே இருந்திருக்கிறேன். பக்கத்தில் வைத்திருந்த பழைய கையெழுத்தை எடுத்து மடித்துக் குப்பையில் போட்டேன். அதைப் போட்டவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு ஜாஸ்தி. அவள் மாதிரி எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு என்ன? பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, நடுங்கினால் நடுங்கட்டும் என்று, தோளால் போட்டேன். எழுத்து பெரிதாக நின்றது. வால் நடுங்கியது. அழிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேங்க் போனோம். இரண்டு இட்லி, காரச் சட்னி, பத்து மணிக்கு மாத்திரை, பத்தே முக்காலுக்கு வாசல். ரோட்டில் பௌர்ணமிக் கூட்டம் விட்டுப்போன தண்ணீர்ப் பாக்கெட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாக வந்தது, கண்ணாடிக் கதவு வரைக்கும். கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது, கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "கொஞ்சம் ஒதுங்கிக்கோம்மா" என்று யாரோ முனகினார்கள்.

என் கணவர் என்னைப் பிடிக்கவில்லை. இழுக்கவும் இல்லை. கையிலிருந்த குடையை எடுத்து என் காலுக்கு முன்னால் குறுக்காகத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் குடையைத் தாண்டி உள்ளே போனேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு அம்மாள் அதை ஏதோ பரிகாரம் என்று எண்ணினாரோ என்னவோ, புடவையைத் தூக்கிக்கொண்டு அவரும் பயபக்தியோடு குடையைத் தாண்டினார். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேரும் தாண்டினார்கள். என் கணவர் குடையை எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் அவர் கண் முதலில் மை டப்பா பக்கம் போனது, பிறகு என் புடவைக்குப் போனது.

"பழைய கையெழுத்து இனிமே வராது. புதுசா மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன், மாத்திக்கோங்க" என்றேன்.

அவர் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்தார். ஒரு அட்டையை எடுத்து வைத்தார். அதில் மூன்று பெட்டிகள். "மூணுலயும் போடணும் மேடம். மூணும் ஒரே மாதிரி இருக்கணும், கோட்டைத் தாண்டக் கூடாது" என்றார். பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்தால் தோள் வராது. "மேலே, வளைச்சு, கீழே, இழு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்துக் கவுன்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கை விட்டுப்போய் என்னை முறைத்தார். முதல் பெட்டி நிறைந்தது. இரண்டாவது பெட்டி நிறைந்தது. மூன்றாவதில் பேனாவை வைக்கும்போது அந்தக் களத்து மூலையில் கரியோடு நின்ற அம்மாள் நினைவுக்கு வந்தார். "நடுங்கிக்கிட்டே போடுங்க, அதுவும் உங்க கையெழுத்துதான்" என்று அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வால் நடுங்கியது. நடுங்க நடுங்கத் திருப்பி அடித்தேன், பேனா கிரீச்சிட்டது.

மேனேஜர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மூணுலயும் வால் ஒரே மாதிரிதான் நடுங்கியிருக்கு மேடம்" என்றார்.

"வேற யாராவது இதைக் கள்ளக் கையெழுத்துப் போட்டுக் காட்டட்டும், பாக்கலாம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார், பேங்க்கில் சிரிக்கக் கூடாது என்று நினைப்பவர். நானும் சிரித்தேன், முகத்தில் தெரிந்ததா என்று தெரியவில்லை. அட்டையில் முத்திரை குத்தும்போது மேனேஜருக்குச் சந்தேகம் வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அடுத்த தடவை வரும்போதும் இதே மாதிரி வருமா மேடம்?"

"வராதும்மா. இது கம்மியாகிற நோய் இல்ல. வர வர ஜாஸ்தியாகும், எழுத்தும் மாறும். மாறினதும் மறுபடி வர்றேன். அப்பவும் பேரை நான்தான் போடுவேன். இந்த அட்டையில நாலஞ்சு எடுத்து வெச்சுக்கோங்க" என்றேன்.

அவர் மை டப்பாவை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். லாக்கர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.